ராணியின் பாரமான உடுப்பு

லண்டன்
11 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கை மலர் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். ஹம் நகரத்துக் குளிரில் நீங்களும் அண்ணியும் நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்கிறீர்களா? காது மெஷின் எப்படி? போனில் நான் கத்த, நீங்கள் “என்ன, என்ன” என்று கத்த, கடைசியில் அண்ணி வாங்கி “ஒண்டுமில்லை, சுகமாம்” என்று சொல்லி முடித்துவிடுகிறா. அதனால் இனிப் பழையபடி கடிதம்தான். அதோடு, இப்போது நான் இருக்கிற வீட்டில் வேலை நேரத்தில் போன் வைத்திருக்க ஏலாது. வாசலில் ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள்.

எந்த வீடு என்று கேட்பீர்கள். சிரிக்கக் கூடாது. நான் ஒரு ராணியின் வீட்டில் வேலை செய்கிறேன்.

இங்கத்தைய அரண்மனை இல்லை. வேறொரு நாட்டு ராணி. நாட்டின் பெயரை வெளியில் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன், அதனால் உங்களுக்கும் சொல்லவில்லை. அங்கே ஆட்சி கவிழ்ந்தபோது ராசாவும் ராணியும் ஓடிவந்தவர்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாக மேற்கு லண்டனில் ஓர் உயரமான வெள்ளை வீட்டில் இருக்கிறார்கள். ராச்சியம் போனாலும் வீட்டுக்குள் அரண்மனை இன்னும் நடக்கிறது. ராசாவின் ஆட்கள் வேறு, ராணியின் ஆட்கள் வேறு. ஒரே குசினியில் இரண்டு மேசை. ராசாவின் கேத்திலில் எங்கள் பக்கத்து ஆட்கள் தண்ணீர் கொதிக்க வைத்தால் அன்றைக்கு முழுதும் முகம் கொடுக்கமாட்டார்கள். எல்லோருக்கும் மேலே கேணல் என்று ஒரு கிழவர், ராசாவின் பழைய படை அதிகாரி. எண்பது தாண்டியும் முதுகு வளையவில்லை.

ஹோட்டல்களுக்கு அயன் பண்ண ஆள் அனுப்புகிற ஏஜென்சிதான் என்னை இங்கே இரண்டு கிழமைக்கு அனுப்பியது. ராணிக்கு உடுத்திவிடுகிற பெண் வேலையை விட்டு மகனிடம் கனடாவுக்குப் போக, அந்த இடத்தை எனக்குத் தந்துவிட்டார்கள். மேல்மாடியில் ஒரு சின்ன அறையும் உண்டு. யன்னலைத் திறந்தால் மரங்களின் தலை தெரியும்.

மகள் கம்சிகா லீட்ஸில் நன்றாகப் படிக்கிறாள். அண்ணியிடம் என் அன்பைச் சொல்லவும்.

உங்கள் தங்கை,
மலர்


ஹம், ஜேர்மனி
28 பெப்ரவரி 2024

அன்புத் தங்கை தவமலருக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. நாங்கள் இருவரும் சுகம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி, எனக்கு அவளின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்கிற வலி. மெஷின் விசில் அடிக்கிறது, மற்றப்படி குறையில்லை.

ராணி வீடா! உன் அண்ணி தயாளினி அந்தக் கடிதத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டாள். “எங்கட மலர் அரண்மனையில உத்தியோகம்” என்று பெருமை. உன் பதவிக்குப் பெயர் என்ன? அதையும் எழுது, அவள் கேட்கிறாள்.

ஒன்று விளங்கவில்லை. உன் லூயிஷாம் வீட்டிலிருந்து ரயிலில் வந்து போகிற தூரம்தானே? ஏன் அங்கேயே தங்கவேண்டும்? ஸ்ரீதரன் தனியாகச் சமாளிக்கிறாரா? அவருக்குக் கோப்பி போடவும் தெரியாதே. மச்சானை நான் சுகம் கேட்டதாகச் சொல்லு. உன் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை, மறந்துவிட்டாய்போல.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன் அண்ணன்,
பத்மநாதன்


லண்டன்
24 மார்ச் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் நலமே. அண்ணியின் முழங்காலுக்கு அஞ்சலீனா சொன்ன ஒரு பூச்சு மருந்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். மனோர் பார்க்கில் இருக்கிற என்னுடைய சிநேகிதி, நேர்ஸ், உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

என் பதவிக்கு அவர்களுடைய பாஷையில் நீளமான ஒரு பெயர் இருக்கிறது. அர்த்தம், ராணியின் உடுப்பறைக்குப் பொறுப்பானவள். பொறுப்பு நான், கீழே வேலை செய்கிறதும் நான்.

முதல் ஒரு மாதம் ராணி என்னோடு கதைக்கவில்லை. அவ கதைக்காமல் நாங்கள் கதைக்கக் கூடாது. காலையில் முதல் தரம் “யுவர் மாஜெஸ்டி”, அதற்குப் பிறகு “மேம்”. நான் பொத்தான் பூட்டுவேன், அவ கண்ணாடியில் என்னைத் தாண்டி எங்கேயோ பார்ப்பா. எழுபத்தெட்டு வயது. மெலிந்த கை. போன செவ்வாய்க்கிழமை திடீரென்று கேட்டா.

“நீ எந்த இடம்?”

“லூயிஷாம், மேம்.”

“அதுக்கு முதல்?”

“ஜேர்மனி.”

“அதுக்கும் முதல்?”

“யாழ்ப்பாணம்.”

கண்ணாடியில் முதல் தரம் என்னைப் பார்த்தா. “அப்படியென்றால் நீ என்னைவிட அனுபவசாலி. என்னை ஒருமுறைதான் துரத்தினார்கள்” என்று சொன்னா. சொல்லிவிட்டுச் சிரித்தா. எனக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பிறகு சிரித்தேன். கேணல் வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்தார்.

அன்றிலிருந்து காலையில் ஏதாவது கேட்கிறா. புட்டு எப்படி அவிக்கிறது என்றுகூடக் கேட்டா. நான் கையால் காட்டினேன்.

இங்கே மரங்கள் துளிர்த்துவிட்டன. சித்திரை வருஷத்துக்கு முன்கூட்டியே வாழ்த்துக்கள்.

அன்புடன்,
மலர்


ஹம்
16 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

புதுவருஷ ஆசிகள். பூச்சு மருந்து வந்தது, உன் அண்ணி இப்போது கோயிலைச் சுற்றி வருகிறாள். புட்டுக் கதையை வாசித்து இருவரும் சிரித்தோம்.

ஸ்ரீதரனைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் காணவில்லை. அவருக்கு வேலை கிடைத்ததா? அவரோடு ஏதும் மனத்தாங்கலா? வருஷத்துக்கு வாழ்த்துச் சொல்லலாம் என்று தயாளினி அவருடைய போனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை.

கம்சிகா எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். உன்னைப்போலவே இருக்கிறாள். தனியாக நின்றாள்.

நீ ஒருவேளை வேலைக் களைப்பில் எழுத மறந்திருக்கலாம். அடுத்த கடிதத்தில் எழுது.

அண்ணன்,
பத்மநாதன்


லண்டன்
19 மே 2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாக இருக்கிறேன், யோசிக்கவேண்டாம். உங்கள் இருவருடைய சுகத்தையும் முருகனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். வேலை கூடிவிட்டதால் பதில் பிந்திவிட்டது.

என்ன வேலை என்று எழுதுகிறேன். ராசா இரண்டாம் மாடியில் படுக்கையில் இருக்கிறார். உடம்பைவிட ஞாபகம்தான் போய்விட்டது. தான் இன்னும் பழைய மாளிகையில் இருப்பதாகத்தான் நினைப்பு. ராணியைக்கூடத் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் கொலுவில் உடுத்த உடுப்போடு போனால் மாத்திரம் தெரிகிறதாம். பொன்சரிகை போட்ட தடித்த வெல்வெட், தோளிலிருந்து தரையில் இழுபடுகிற நீள அங்கி, கழுத்துவரைக்கும் கொளுக்கி. நான் இரண்டு கையாலும் தூக்கினால்தான் தூக்கலாம். ஒவ்வொரு பின்னேரமும் ராணிக்கு அதை உடுத்திவிடுகிறேன். கேணல் முன்னுக்குப் போய் அறிவிப்பார். ராணி உள்ளே போய்க் கட்டிலடியில் நிற்பா. ராசா தலையை ஆட்டுவார். ராணி குனிந்து வணங்கிவிட்டு வெளியே வருவா. அவ்வளவுதான். அந்த உடுப்போடு கதிரையில் இருக்க ஏலாது, இடுப்பில் வளையாத எலும்புச் சட்டம் வைத்துத் தைத்தது.

கழற்றும்போது பார்த்தேன். இரண்டு தோளிலும் சிவப்பாகக் கோடு. சில இடத்தில் தோல் கன்றிவிட்டது. நான் எண்ணெய் தடவிக்கொண்டிருக்க, “நோகுதோ மேம்?” என்று தமிழில் கேட்டுவிட்டேன், அறியாமல். அவவுக்கு விளங்கிவிட்டது. “கணவன் அறிந்துகொள்வதற்காக மனைவி கொஞ்சம் நோவைத் தாங்கலாம்” என்று சொன்னா.

எண்ணெய்ப் போத்திலை மூடிவிட்டு மேலே என்னுடைய அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன்.

கம்சிகாவுக்குப் படிப்புச் சோதனை முடிகிறது. அண்ணிக்கு அன்பு.

மலர்


ஹம்
25 ஜூன் 2024

தங்கை தவமலர் அறியவேண்டியது,

இங்கே நாங்கள் சுகம். அம்மன் தேர் நன்றாக நடந்தது. பிரான்ஸிலிருந்தும் ஒல்லாந்திலிருந்தும் சனம்.

தேரடியில் ஸ்ரீதரனின் சகோதரி மகன் அனுசனைக் கண்டேன். அவன் கிட்ட வந்து என் காதுக்குள் கத்தினான். “மாமா, மாமி இப்ப எங்க இருக்கிறா?” என் தங்கை எங்கே என்று என்னிடமே கேட்கிறான். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “வேலையில நிக்கிறா” என்றேன். மார்கழியிலிருந்து நீ வீட்டில் இல்லை என்று அவன் சொன்னான்.

மலர், அந்த மனுசன் முற்கோபி என்று எனக்கும் தெரியும். எந்த வீட்டில் சத்தம் இல்லை? இரண்டு நாள் கோபிக்கலாம், இரண்டு கிழமை கோபிக்கலாம். ஆறு மாதமா? வேறொருவரின் புருசனைப் பார்க்கப் போக உடுத்திவிடுகிறாய், உன் வீட்டு மனுசனுக்கு யார் சோறு போடுகிறது? வயதுவந்த பிள்ளை இருக்கிறது. நாளைக்கு அவளுக்கு ஒரு இடத்தில் பேச்சு வந்தால் என்ன சொல்வோம்? வீட்டுக்குப் போ. போய்விட்டு எனக்கு எழுது.

பத்மநாதன்


ஹம்
4 ஓகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

நீ சுகமா? அதைமட்டும் முதலில் எழுது.

ஆறு கிழமையாகப் பதில் இல்லை. போன் அடித்தால் தயாளினிக்கு யாரோ ஆங்கிலத்தில் சொல்கிற பதிவுக் குரல்தான் கேட்கிறதாம். கம்சிகாவுக்குச் செய்தி அனுப்பினோம். “Amma is okay, மாமா” என்று ஒரு வரி போட்டாள். அதற்குமேல் கேட்டால் பதில் இல்லை. அவள் என்னோடு கோபமா? நான் அப்படி என்ன எழுதிவிட்டேன் என்று தயாளினி கேட்டாள். எழுதியதைச் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு மேசையில் சாப்பாடு இருக்கிறது, பேச்சு இல்லை.

கீழே அவள் எழுதுகிறாளாம்.

மலர், நான் தயாளினி. நீங்கள் ஒன்றும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சோதனைக்குப் பிறகு கம்சிகா என்னோடு ஒரு மணித்தியாலம் கதைத்தவள். நான் உங்கட அண்ணையிட்ட இன்னும் சொல்லேல்லை. அது நீங்கள் சொல்லவேண்டிய கதை. ஆனால் நீங்கள் எழுதாவிட்டால் இந்த மனுசன் லண்டனுக்கு வெளிக்கிட்டுவிடும், காதும் கேளாது, வழியும் தெரியாது. இரண்டு வரி எழுதுங்கோ.


மனோர் பார்க், லண்டன்
25 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணைக்கும் அண்ணிக்கும்,

உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன். உங்கள் இரண்டு கடிதமும் கையில் இருக்கின்றன. இரண்டாவதைக் கேணல் ஏஜென்சியில் கேட்டு, தன் கையால் புது விலாசம் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்.

நான் அந்த வீட்டில் இல்லை. ஜூலையில் ஒரு நாள் ராசா மேலே சத்தம்போட்டுக் கூப்பிட்டார். ராணி அவசரமாகப் படியேறினா. நான் பின்னுக்கு அங்கியைத் தூக்கிக்கொண்டு போனேன். மேல்படியில் அவவுடைய கால் அங்கியின் முன்பக்கத்தில் சிக்கிவிட்டது. நான் பிடித்தேன், பாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் நடுப்படிவரை உருண்டோம். ராணிக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது, மயங்கியும் விட்டா. எனக்கு முதுகில் நோவு மட்டும்.

ராசாவின் ஆள் ஒருவர், நான்தான் அங்கியை மிதித்தேன் என்று சொன்னார். ராணியை அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கேணல் என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. “உன் சேவை இனித் தேவைப்படாது” என்றார். நான் மிதிக்கவில்லை, அண்ணை. அதைச் சொல்லாமலே போய்ச் சூட்கேசை அடுக்கினேன். சூட்கேசோடு வெளியே வந்து றோட்டில் நின்றபோதுதான், எனக்குப் போக ஓரிடம் இல்லை என்பது முழுதாக உறைத்தது. அஞ்சலீனாவுக்குப் போன் அடித்தேன். “நில்லு அங்கேயே, வாறன்” என்றாள். வேலை உடுப்போடேயே வந்தாள். அவளுடைய முன் அறையில்தான் இருக்கிறேன்.

நீங்கள் வீட்டுக்குப் போகச் சொன்னீர்கள். அந்தக் கடிதம் அந்தக் கிழமைதான் வந்தது. வாசித்துவிட்டு லூயிஷாமுக்கு ரயில் ஏறினேன். எங்கள் தெரு முனைவரை போனேன். வீட்டில் லைட் எரிந்தது. அங்கிருந்து திரும்பி வந்துவிட்டேன்.

போன மார்கழியில் அவர் கம்சிகாவின் முன்னால் என்மேல் கை வைத்தார். அது முதல் தரம் இல்லை. பிள்ளை கண்டது முதல் தரம். “அம்மா, வெளிக்கிடுங்கோ” என்று அவள்தான் சூட்கேசை எடுத்தாள். இருபது வயதுப் பிள்ளை. நான் இருபத்தைந்து வருஷமாக எடுக்காத சூட்கேஸ்.

இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்றிருந்தேன். நீங்கள் அவரைச் சொந்தத் தம்பிபோலப் பார்க்கிறவர். உங்களுக்கு நோகும் என்று நினைத்தேன். இப்போது எழுதிவிட்டேன்.

அண்ணி, நன்றி.

மலர்


ஹம்
3 செப்ரெம்பர் 2024

என் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம் கேட்க எனக்கு முகம் இல்லை, என்றாலும் கேட்கிறேன். முதுகு நோவுக்கு டொக்டரிடம் காட்டினாயா?

நீ தெரு முனையிலிருந்து திரும்பி வந்தது சரி. அந்த வீட்டுக்கு நீ இனிப் போகவேண்டியதில்லை. யாரும் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லு. யாரும் கேட்காவிட்டாலும் நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நேற்று ஸ்ரீதரன் எங்கள் வீட்டுக்குப் போன் அடித்தார். எனக்குக் கேட்காது, தயாளினிதான் கதைத்தாள். அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என்ன சொன்னாய் என்று கேட்டேன். “மலர் எங்க எண்டு கேட்டவர். எங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியத் தேவையில்லை எண்டு சொன்னன்” என்றாள். எனக்கு இன்று மேசையில் பேச்சும் கிடைத்தது.

இங்கே மேல் அறையைத் துப்புரவாக்கிவிட்டோம். ஊர் வீட்டைப்போல மாமரம் கிடையாது, ஆனால் யன்னலுக்கு வெளியே ஒரு செரிமரம் இருக்கிறது. வர விருப்பமென்றால் வா. லண்டனிலேயே நிற்க விருப்பமென்றால் நில். இரண்டில் எது என்றாலும் நான் உன் பக்கம்.

அண்ணன்


மனோர் பார்க்
13 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

முதுகு சுகமாகிவிட்டது. உங்கள் கடிதத்தை அஞ்சலீனாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான் பாதியில் நிற்க, மிச்சத்தை அவள் வாசித்தாள்.

இப்போது நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. சேர்ச் றோட்டால் கோயிலுக்குப் போகிற சனத்துக்கு நடுவில் ஒரு நீளமான கறுப்புக் கார் வந்து எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. கதவைத் தட்டினார்கள். அஞ்சலீனா உருளைக்கிழங்கு உரித்த கையோடு போய்த் திறந்தாள். வாசலில் கேணல், குடையோடு. குடைக்குக் கீழே ராணி. ஒரு கை இன்னும் கட்டோடு தொங்குகிறது.

“இது தவமலரின் இருப்பிடமா?” என்று கேணல் அறிவிப்பதுபோலக் கேட்டார்.

அஞ்சலீனா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “ஓம், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ” என்று தமிழிலேயே சொன்னாள். கேணல் விளங்காமல் நிற்க, ராணி குனிந்து ஒரு கையால் தன் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினா. நான் ஓடிப்போய்க் கழற்றிவிட்டேன்.

சோபாவில் காயப்போட்ட துணிகளைத் தள்ளிவிட்டு இருத்தினோம். அஞ்சலீனா பால் தேத்தண்ணி கொடுத்தாள். ராணி முழுவதும் குடித்தா. பிறகு சொன்னா.

“என் கால்தான் சிக்கியது. ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்ததும் அதைச் சொன்னேன். ஆனால் அவர்கள் உன்னைத் திரும்பக் கூப்பிடவில்லை, நானும் உடனே கேட்கவில்லை. சுகமில்லாமல் இருந்தேன் என்று சாக்குச் சொல்லலாம். அது முழு உண்மை இல்லை. ஒரு ராணி வேலையாளிடம் போய் நிற்பதா என்று இருந்துவிட்டேன். என்னோடு வந்துவிடு.”

கேணல் தொண்டையைச் செருமினார். “நானும் விசாரிக்காமல் அனுப்பியது தவறு, அம்மணி” என்றார். அதற்குள் வெளியே கார்க்காரனுக்கும் பார்க்கிங் வார்டனுக்கும் வாய்த்தர்க்கம் வர, அவர் குடையையும் எடுக்காமல் மழைக்குள் ஓடினார்.

எனக்கு அந்த வேலை வேண்டும், அண்ணை. ஆனால் உடனே ஓம் சொல்ல வரவில்லை. “வாறன் மேம். ஆனா அந்தப் பாரமான உடுப்பை இனி உங்களுக்கு உடுத்திவிடமாட்டன்” என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். என் ஆயுளில் ஒருவரிடம் “மாட்டன்” என்று சொன்னது அதுதான் முதல் தடவையோ தெரியாது.

ராணியின் முகம் மாறிவிட்டது. “அது இல்லாமல் போனால் அவர் என்னை அறியமாட்டார்.”

“அறியாட்டி என்ன, மேம்? அறியாத ஆக்களோடயும் மனுசர் கதைப்பினம்தானே.”

அவ எழும்பிச் சப்பாத்தைத் தேடினா. போகும்போது மட்டும், “நாளைக்கு வா” என்றா.

திங்கட்கிழமை பின்னேரம் ராணி ஒரு நீலக் கம்பளிச் சட்டையும் சாதாரணப் பாவாடையும் போட்டுக்கொண்டா. நான் கட்டுப்போட்ட கைக்கு மட்டும் உதவி செய்தேன். கேணல் அறிவிக்க முன்னுக்குப் போக, வேண்டாம் என்று தலையசைத்தா. கதவடியில் என் கையைப் பிடித்தா. குளிர்ந்துபோய் இருந்தது. பிறகு தனியாக உள்ளே போனா. கதவு திறந்தே கிடந்தது.

ராசா அவவைப் பார்த்து ஏதோ கேட்டார். அவ ஏதோ சொன்னா. ராசா கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த கதிரையைக் காட்டினார். அவ இருந்தா. கன நேரம் கதைத்தார்கள். ஒருமுறை ராசா சிரித்தார். ராசாவின் ஆட்கள் இரண்டு பேரும் எங்கள் பக்கம் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் சிரித்து அவர்கள் கேட்டதே இல்லையாம்.

உடுப்பறைக்கு வந்த பிறகு ராணி எனக்குச் சொன்னா. “நீங்கள் யார் என்று கேட்டார். என் சின்ன வயதுப் பெயரைச் சொன்னேன். நல்ல பெயர், இருங்கள் என்றார். தன் மனைவியைப் பற்றிக் கதைத்தார். அவள் ஒவ்வொரு நாளும் வருவாள், ஆனால் வந்து நின்றுவிட்டுப் போய்விடுவாள், பாவம் அந்த உடுப்போடு இருக்க முடியாது என்றார். அவளைக் கலியாணம் செய்த அன்றைக்கே அந்த உடுப்பைக் கழற்றி எறியச் சொல்லியிருக்க வேண்டும் என்றார்.”

சொல்லிவிட்டு அழுதா, சிரித்தா, இரண்டும். நானும்தான்.

அடுத்த நாள் காலையில் ராசா நேர்ஸிடம், நேற்று வந்த பெண் இன்றைக்கும் வருவாளா என்று கேட்டாராம்.

அன்புடன்,
மலர்


ஹம்
2 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை நான் தயாளினிக்கு வாசிக்க, அவள் பக்கத்து வீட்டு ஜேர்மன்காரிக்கு மொழிபெயர்த்தாள். மூன்று பேரும் மூக்குச் சிந்தினோம். நாங்கள் நல்ல சுகம்.

அஞ்சலீனாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. ஒரு ராணியையே சப்பாத்துக் கழற்ற வைத்த பிள்ளையை நான் பார்க்கவேண்டும்.

கோயிலில் இப்போது சிலர் என்னிடம் உன்னைப் பற்றிக் குசுகுசுக்க வருகிறார்கள். எனக்குத்தான் கேட்காதே. “சத்தமாச் சொல்லுங்கோ, எல்லாருக்கும் கேக்கட்டும்” என்கிறேன். போய்விடுகிறார்கள். இந்தக் காதால் எனக்குக் கிடைத்த முதல் லாபம்.

கம்சிகாவுக்கு நான் தனியாக எழுதினேன். அவள் செய்ததை நான் செய்திருக்க வேண்டும் என்று எழுதினேன். ஒரு பக்கத்துக்குப் பதில் போட்டாள், எழுத்துப் பிழைகளோடு, தமிழில். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நீ இனி எங்கே இருக்கப்போகிறாய் என்று எழுது.

அண்ணன்,
பத்மநாதன்


ஸ்ட்ரெதம், லண்டன்
15 டிசெம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கும் அண்ணிக்கும்,

நல்ல சுகத்தோடும் கொஞ்சம் களைப்போடும் எழுதுகிறேன். நீங்களும் அப்படியே, களைப்பு மட்டும் இல்லாமல், இருக்கவேண்டும்.

மேலே விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். ஸ்ட்ரெதமில் எனக்கு ஒரு பிளட் கிடைத்திருக்கிறது. ஒரு அறை, ஒரு குசினி, கீழே ஒரு பேக்கரி. விடியவே பாண் வாசம் வரும். லோயர் மூலம் விவாகரத்துக்கும் போட்டுவிட்டேன். அதற்கு மாதக்கணக்கில் செல்லும் என்கிறார்கள். செல்லட்டும்.

ராணிக்கு நான் வெளியில் இருந்து வரப்போகிறேன் என்பது முதலில் பிடிக்கவில்லை. “இங்கே உனக்கு அறை இருக்கிறதே” என்றா.

“இருக்குது மேம். ஆனா அது உங்கட வீட்டு அறை. எனக்கெண்டு ஒரு கதவு வேணும்.”

பிளட்டின் திறப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தா. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறந்ததிலிருந்து அவவுக்கு யாரோ கதவு திறந்துவிட்டிருக்கிறார்கள். தன் கையால் ஒரு பூட்டைத் திறந்ததே இல்லையாம். போன சனிக்கிழமை கேணலையும் கூட்டிக்கொண்டு வந்து, என் கதவைத் தானே திறந்து பார்த்தா. முதல் இரண்டு தரம் மறுபக்கம் திருப்பிவிட்டா. மூன்றாவது தரம் திறந்தபோது நாங்கள் மூன்று பேரும் கை தட்டினோம். மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ராசாவுக்கு இடையிடையே காய்ச்சல். டொக்டர் அதிகம் நம்பிக்கை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் கதிரையில் ராணி இருக்கிறா. அவவுடைய பெயரை அவர் ஒவ்வொரு நாளும் கேட்கிறார், அவ ஒவ்வொரு நாளும் சொல்கிறா. குசினியில் மேசைகளைச் சேர்த்துப் போட்டுவிட்டார்கள், யார் முதலில் சேர்த்தது என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

கம்சிகா லீவுக்கு வந்து நிற்கிறாள். இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுக்கிறோம், அவள் காலால் உதைக்கிறாள்.

தைப்பொங்கலுக்கு நீங்கள் இருவரும் வரவேண்டும். கட்டிலை உங்களுக்குத் தருவோம். ஸ்டேசனுக்குக் கம்சிகா வருவாள், ஆனால் நீங்கள் அவளைவிட்டு முன்னுக்கு நடந்துவிடுவீர்கள் என்று தெரியும். பேக்கரிக்குப் பக்கத்துப் படியால் மேலே ஏறுங்கள். இரண்டாவது கதவு. அதில் ஒரு பெயர்தான் ஒட்டியிருக்கிறது, தமிழிலும் ஆங்கிலத்திலும். மணியை அடித்துவிட்டு நில்லுங்கள், நான் வந்து திறப்பேன்.

உங்கள்,
தவமலர்